கீச்சிடும் சவுண்ட் கார்டு

கம்ப்யூட்டரில் குரல் பதிவு செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது காதில் விழாது. பேச்சை நிறுத்திய மறுகணம் பின்னணியில் மெலிசாக ஒரு கீச்சு எழும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஊர் அடங்கிய பிறகு உட்கார்ந்து பதிவு செய்தாலும் அது போகாது. மைக்கை மாற்றினாலும் போகாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விரலளவு யுஎஸ்பி சவுண்ட் கார்டுகளில் இது சர்வசாதாரணம். வாங்கியவர் ஒன்று, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடியதாக வேறொன்று வாங்குவார். இல்லாவிட்டால் எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்டென்சரும் இருந்தால் அந்தக் கீச்சைக் கார்டுக்குள்ளேயே அடக்கிவிடலாம். இரண்டும் சேர்த்து ஒரு டீயின் விலைகூட ஆகாது.

கடினமான விஷயம், அவற்றை எங்கே வைப்பது என்பதுதான். இதே கண்டென்சரைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு, 'ஒன்றும் பிரயோஜனம் இல்லை' என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

முதலில் கீச்சின் சுருதியைப் பிடிக்க வேண்டும். நோய் எது என்பதைப் பாதிக்குமேல் சுருதியே சொல்லிவிடும். மைக்கைச் செருகி, யாரும் பேசாமல் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைத் திறந்து 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' கொடுத்தால், எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரைபடம் வரும். யுஎஸ்பி கீச்சு என்றால் 1000 ஹெர்ட்ஸில் ஊசிபோல் ஒரு கோடு நிற்கும். கூடவே 2000, 3000, 4000 என்று சம இடைவெளியில் அதைவிடக் குட்டையான கோடுகள் வரிசையாக நிற்கும். சாஃப்ட்வேர் கைவசம் இல்லாவிட்டால் கீபோர்டு போதும். ஒரு கட்டையில் நடு ஸட்ஜத்திலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே போனால் வரும் ஸட்ஜம் 1046 ஹெர்ட்ஸ். அதற்கு முந்தைய காகலி நிஷாதம் 988. நம் கீச்சு அந்த நிஷாதத்துக்கு ஒரு முடி மேலே உட்கார்ந்திருக்கும். சங்கீதக் காது உள்ளவர்கள் கருவியே இல்லாமல் சொல்லிவிடுவார்கள்.

அது ஏன் மிகச் சரியாக 1000-ல் நிற்கிறது? காற்றில் கிடக்கும் இரைச்சலுக்கோ பழுதான பாகத்துக்கோ இத்தனை ஒழுங்கு வராது. எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது.

1996-ல் முதல் பதிப்பு கண்ட யுஎஸ்பியில்தான் அந்தக் கடிகாரம் இருக்கிறது. அதன் 12 மெகாபிட் வேகத்தை 'ஃபுல் ஸ்பீடு' என்பார்கள். மலிவான சவுண்ட் கார்டுகள் பெரும்பாலும் இன்றும் அதே வேகத்தில்தான் பேசுகின்றன. இந்த வேகத்தில் கம்ப்யூட்டர் காலத்தை 1 மில்லி செகண்டுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஓர் அறிவிப்பு, அதற்குப் பிறகு ஒரு பொட்டலம் ஒலி. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கார்டு, ஒவ்வொரு பொட்டலத்திலும் 48 மாதிரிகளை அனுப்புகிறது. சிடியின் 44,100 கணக்கு என்றால் 44.1 வரும். மாதிரியைப் பத்தில் ஒரு பங்காக வெட்டி அனுப்ப முடியாதே! அதனால் ஒன்பது பொட்டலங்களில் 44-ம் பத்தாவதில் 45-ம் போகும். எப்படிப் போனாலும் விநாடிக்கு ஆயிரம் முறை அந்தச் சின்னஞ்சிறு ஐசி விழித்து, வேலை பார்த்து, மறுபடி ஓய்கிறது. விழிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது. பிற்காலத்து 'ஹை ஸ்பீடு' யுஎஸ்பியில் துண்டின் நீளம் 125 மைக்ரோ செகண்டு. ஆகவே அந்த வகைக் கருவிகளில் கீச்சு 8000 ஹெர்ட்ஸில் வரும். வயதானவர்கள் சிலர் அதைக் கேட்காமலேயே தப்பித்துவிடுவார்கள்.

விட்டு விட்டு இழுக்கப்படும் மின்சாரம் வயரின் வழியாக வர வேண்டும். யுஎஸ்பி கேபிளுக்குள் இருக்கும் 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.2 ஓம் தடை உண்டு. போகவும் வரவும் சேர்த்து 0.4 ஓம். ஐசி ஒவ்வொரு முறையும் 20 மில்லியாம்பியர் கூடுதலாக இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஓமின் விதிப்படி கார்டின் 5 வோல்ட் சப்ளை ஒவ்வொரு முறையும் 8 மில்லிவோல்ட் தாழும். 5 வோல்ட்டில் 8 மில்லிவோல்ட் ஒரு தாழ்வா? டிஜிட்டல் சர்க்யூட் அதைச் சட்டையே செய்யாது. மேஜைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் விதியே 5 வோல்ட் லைனில் 50 மில்லிவோல்ட் வரை அலைபாய்வதை அனுமதிக்கிறது. தகராறு, அதே சப்ளையிலிருந்து மைக்கும் சாப்பிடுவதில்தான்.

கம்ப்யூட்டரோடு வரும் மைக்குகள், ஹெட்செட் மைக்குகள், சட்டையில் குத்தும் காலர் மைக்குகள் எல்லாமே அநேகமாக எலக்ட்ரெட் வகை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1962-ல் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் உருவாக்கியது. மின்னேற்றத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் ஒன்று அதற்குள் இருக்கிறது. குரல் பட்டுப் படலம் அதிர்ந்தால் நுண்ணிய மின்னழுத்த மாற்றம் பிறக்கும். அது அவ்வளவு பலவீனமானது, ஒரு கேபிளைக்கூடத் தாண்டாது. அதனால் மைக்கின் குமிழுக்குள்ளேயே ஒரு குட்டி டிரான்சிஸ்டரையும் வைத்திருக்கிறார்கள். அந்த டிரான்சிஸ்டர் உயிரோடு இருக்க வெளியிலிருந்து சொற்ப மின்சாரம் வேண்டும். சவுண்ட் கார்டு அதை 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, குரல் வரும் அதே கம்பியில் அனுப்புகிறது. இதற்குப் பெயர் பயாஸ். கீச்சு நுழையும் வாசல் இதுதான்.

இந்த டிரான்சிஸ்டருக்கு ஒரு குணம். தன் வழியாக எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்பதைக் குரலைப் பார்த்து மட்டுமே முடிவு செய்யும். தலைக்கு மேலே சப்ளை ஆடினாலும் அது மசியாது. கேட்க நல்ல குணமாகத் தெரியும். ஆனால் மின்சாரம் மாறாமல் இருந்தால் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தமும் மாறாது. மேல்முனை 1 மில்லிவோல்ட் ஆடினால் கீழ்முனையும் ஏறக்குறைய அதே 1 மில்லிவோல்ட் ஆடியாக வேண்டும். கீழ்முனையில்தான் குரல் இருக்கிறது. ஆக, சப்ளையின் ஆட்டம் சேதாரமே இல்லாமல் குரலோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.

குரலின் அளவு எவ்வளவு? சாதாரண எலக்ட்ரெட் மைக் ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 6 மில்லிவோல்ட் சுமாருக்குத் தரும். ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால் 60 டெசிபல் இருக்கும் பேச்சு, வாயிலிருந்து பத்து சென்டிமீட்டரில் 80 டெசிபல் ஆகிறது, அதாவது 0.2 பாஸ்கல். மைக்கிலிருந்து வருவது வெறும் 1.2 மில்லிவோல்ட். சப்ளையின் ஆட்டமோ 8 மில்லிவோல்ட்! நல்லவேளையாகக் கார்டு செய்தவர்கள் ஏதோ கொஞ்சம் வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் வடிகட்டிய பிறகு நூறில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 80 மைக்ரோவோல்ட். குரலில் பதினைந்தில் ஒரு பங்கு. பேச்சின் இடைவெளியில் அது காதில் விழாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மனிதக் காது நன்றாகக் கேட்கும் பிரதேசத்தில் வேறு அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் ஒலியில் இந்தச் சங்கடம் புதிதில்லை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே, நுண்ணிய அனலாக் சர்க்யூட்டை இரைச்சல் மிகுந்த பெட்டிக்குள் குடிவைப்பது எப்படி என்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி. அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில் ஒரு வசதி இருந்தது. மதர்போர்டு 12 வோல்ட்டும் கொடுத்ததால், அதிலிருந்து ஒரு ரெகுலேட்டர் வைத்து அனலாக் பகுதிக்கென்று தனியாகச் சுத்தமான 5 வோல்ட் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இன்டெல் வகுத்த ஏசி 97 தரத்தில், டிஜிட்டல் வேலையை ஓர் ஐசிக்கும் அனலாக் வேலையை இன்னோர் ஐசிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அனலாக் ஐசியை இரைச்சலிலிருந்து தள்ளி, போர்டின் ஓரமாக வைக்க முடிந்தது. விரலளவு யுஎஸ்பி கார்டில் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. கிடைப்பது 5 வோல்ட் மட்டும். யுஎஸ்பி பேசும் பகுதியும் குரலை அளக்கும் பகுதியும் ஒரே ஐசிக்குள் குடித்தனம் நடத்துகின்றன. அந்த விலைக்கு அது இவ்வளவு நன்றாக வேலை செய்வதே ஆச்சரியம்தான் என்பேன்.

சரி, மருந்துக்கு வருவோம். எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது, '5 வோல்ட் லைனில் ஒரு பெரிய கண்டென்சர் போடு.' இதைத்தான் தப்பான இடம் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கார்டில் ஏற்கெனவே இருக்கக்கூடிய 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர், 1000 ஹெர்ட்ஸில் 16 ஓம் தடையாகத் தெரியும். சப்ளை வருவதோ 0.4 ஓம் வழியாக. அவ்வளவு லேசாக வந்து சேரும் ஆட்டத்தை 16 ஓம் கொண்டு கிரவுண்டுக்கு இழுத்துவிட முடியாது. மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அது எமன். 1000 ஹெர்ட்ஸுக்கு இருந்தும் இல்லாததுபோல். நூறு மடங்கு பெரிதாக்கி 1000 மைக்ரோஃபாரட் போட்டாலும் ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவே. அதற்கு விலையும் கொடுக்க வேண்டும். செருகிய கணத்தில் காலிக் கண்டென்சர் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும்; பக்கத்து போர்ட்டில் இருக்கும் பென் டிரைவ் தொடர்பறுந்து போகலாம். கருவிகள் தங்கள் சப்ளையில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் நேரடியாக வைக்கக் கூடாது என்று யுஎஸ்பி விதியே சொல்வது இதனால்தான்.

இப்போது மைக்குக்குப் போகும் கிளையை மட்டும் பாருங்கள். மொத்தக் கார்டும் பல பத்து மில்லியாம்பியர் சாப்பிட, மைக் கேட்பது 0.3 மில்லியாம்பியர் சுமாருக்குத்தான். இவ்வளவு சொற்பமாக ஓடும் இடத்தில் வழியை வேண்டுமென்றே குறுக்கலாம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்தால் இழப்பது 0.3 வோல்ட், மைக் அதைக் கவனிக்கவே கவனிக்காது. அந்த ரெசிஸ்டருக்குப் பிறகு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரைக் கிரவுண்டுக்குக் கட்டினால், 1000 ஹெர்ட்ஸில் அது 1.6 ஓம். ஆயிரம் ஓமைத் தாண்டி வரும் ஆட்டம் 1.6 ஓமில் விழுந்து தொலைகிறது. மிஞ்சுவது 628-ல் ஒரு பங்கு. மாடித் தொட்டிதான் இது: கீழே மோட்டார் விட்டு விட்டு இறைத்தாலும், குழாயில் நூல்போலத் தண்ணீர் எடுக்கிறவருக்குத் தொட்டியின் மட்டம் அசைவதே தெரியாது. அதே தொட்டியிலிருந்து தெருவுக்கே தண்ணீர் கொடுத்தால் மட்டம் ஏறி இறங்கத்தான் செய்யும்.

நாம் கணக்கிட்ட 80 மைக்ரோவோல்ட் கீச்சு 0.13 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கிவிடும். மைக் தனக்குத் தானே எழுப்பிக்கொள்ளும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலே 6 மைக்ரோவோல்ட் அளவுக்கு இருக்கும். அதற்கு அடியில் கீச்சு மூழ்கிப்போகும். குரலுக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது. கண்டென்சர் அந்தச் சந்திப்பை அசையாமல் பிடித்துக்கொள்வதால், குரலைப் பொறுத்தவரை பழைய 2.2 கிலோ ஓம் மட்டும்தான் இருக்கிறது.

கார்டின் மூடியைத் திறக்கும் முன் ஒரு சோதனை. பழைய 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்றின் எல்லா முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்து மைக் துளையில் செருகுங்கள். 2.2 கிலோ ஓம் நடுவில் இருப்பதால் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது பதிவு செய்தால் கீச்சு போய்விட்டதா? அப்படியானால் அது பயாஸ் வழியாகத்தான் வந்தது, மேலே சொன்ன வைத்தியம் பலிக்கும். அப்போதும் கீச்சு கேட்கிறதா? அது ஐசியின் உள்ளேயே கலக்கிறது. வெளியிலிருந்து என்ன பற்றவைத்தாலும் போகாது. கார்டை மாற்றுவதுதான் வழி.

சுருதி 1000 இல்லாமல் 50, 100, 150 என்று அடித்தொண்டை உறுமலாக இருந்தால் அது வேறு வியாதி. சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டதும் உறுமல் நின்றால் கிரவுண்டு லூப் என்று அர்த்தம். கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் கரண்ட் வழியாக ஒருமுறையும் ஆடியோ கேபிள் வழியாக மறுமுறையும் இணைந்து வளையமாகிவிட்டன; அந்த வளையத்தில் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சுற்றுகிறது. இதற்கு நம் ஊரில் பரவலாக ஒரு கைவைத்தியம் உண்டு: மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் உள்ளே கரண்ட் லைன்களுக்கும் உடம்புத் தகட்டுக்கும் நடுவே கண்டென்சர்கள் உள்ளன. எர்த் போனால் அந்தத் தகடு 230-ல் பாதியான 115 வோல்ட் வாக்கில் மிதக்கத் தொடங்கும். பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என்பது இதுதான். அந்த மின்சாரம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவுதான், ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே என்றைக்காவது ஒரு லைன் கம்பி தகட்டில் பட்டால், காப்பாற்ற வேண்டிய எர்த் அங்கே இருக்காது.

உறுமலுக்கு முறையான மருந்து, ஆடியோ கேபிளின் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். குரல் காந்தப்புலமாகத் தாண்டும், கிரவுண்டு தாண்டாது. டெலிபோன் லைனில் இன்டர்நெட் பார்த்த காலத்து டயல்-அப் மோடம் ஒன்று பரணில் கிடந்தால், அதற்குள்ளேயே 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பேச்சுக்கு அது தாராளம். பாட்டுக்கு ஆகாது: அதே மின்னழுத்தத்தில் 40 ஹெர்ட்ஸ் ஒலி, 1000 ஹெர்ட்ஸைவிட 25 மடங்கு காந்தப்பாய்ச்சல் கேட்கும். கடலை உருண்டை அளவு இரும்பு அதைத் தாங்காமல் ஒலி நசுங்கும்.

நம் கீச்சுக்குத் திரும்புவோம். கார்டின் மூடி பெரும்பாலும் கொக்கியில்தான் நிற்கும். பழைய பிளேடை விளிம்பில் நுழைத்துத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். உள்ளே கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய போர்டு. மைக் ஜாக்கின் பக்கத்தில் அரிசிக் குறுணைபோல ஒரு கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும். நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகில் '222' என்ற எண் தெரியும். 22-க்குப் பிறகு இரண்டு சுழியம், ஆக 2200 ஓம். அதுதானா என்று உறுதி செய்ய மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் நுனித் தொடர்பிலும் மறுமுனையை ரெசிஸ்டரின் ஒவ்வொரு பக்கத்திலும் தொட்டுப் பாருங்கள். பீப் கேட்கும் பக்கம் மைக் பக்கம். எதிர்ப்பக்கம் சப்ளை. சில போர்டுகளில் '222' இரண்டு இருக்கும், ஜாக்கின் நுனிக்கு ஒன்று, நடு வளையத்துக்கு ஒன்று. அப்படியென்றால் இரண்டையும் தூக்க வேண்டும்.

தூக்குவதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், முனை கூர்மையாக இருக்க வேண்டும். ரெசிஸ்டரின் இரு பக்கங்களையும் மூடும்படி கொஞ்சம் தாராளமாக ஈயம் விட்டால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உருகும். ட்வீஸரால் தள்ளினால் நகர்ந்து வரும். இழுத்துப் பிடுங்கினால் போர்டின் செம்புத் தகடும் சேர்ந்து உரிந்துவிடும், பிறகு அந்தக் கார்டு கதை முடிந்தது. கழன்ற ரெசிஸ்டரைச் சுத்தம் செய்து, மைக் பக்கத் தகட்டில் மட்டும் செங்குத்தாக நிற்கவைத்துப் பற்றவையுங்கள். மூச்சு விட்டாலே பறந்துவிடும் சைஸ் என்பதால் இந்த ஒரு வேலைக்கு ஃபேனை அணைத்துவிடுவது நல்லது. நிற்கும் ரெசிஸ்டரின் தலையில் புதிய 1 கிலோ ஓமின் ஒரு காலும் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் பாசிட்டிவ் காலும் சேர வேண்டும். 1 கிலோ ஓமின் மறுகால், காலியான சப்ளைத் தகட்டுக்குப் போகும்.

கண்டென்சரின் நெகட்டிவ் கால், அதாவது உடம்பில் பட்டைக்கோடு உள்ள பக்கம், எங்கே போக வேண்டும் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். யுஎஸ்பி பிளக்கின் இரும்பு உறை பெரிதாக, ஈயம் சுலபமாக ஒட்டும்படி கைக்கு வாகாக இருக்கும். அதில் பற்றவைத்தால், யுஎஸ்பியின் மின்சாரத் துடிப்புகள் ஓடும் கிரவுண்டோடு கண்டென்சரைக் கட்டிவிடுகிறீர்கள். அந்தக் கிரவுண்டின் ஆட்டம் கண்டென்சர் வழியாக ஏறி மைக்குக்கே போய்ச் சேரும். நெகட்டிவ் காலை மைக் ஜாக்கின் கிரவுண்டு முனையிலேயே பற்றவைக்க வேண்டும். குரலும் பயாஸும் ஒரே புள்ளியை 'பூஜ்யம்' என்று ஒப்புக்கொண்டால்தான் வடிகட்டல் வேலை செய்யும்.

பயாஸ் எத்தனை வோல்ட் என்பதையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 2 வோல்ட் வாக்கில் இருந்தால் 0.3 வோல்ட் இழப்பே மைக்கைத் திணறடிக்கலாம். 1 கிலோ ஓமுக்குப் பதில் 470 ஓமும், 100-க்குப் பதில் 220 மைக்ரோஃபாரட்டும் போடலாம். பெருக்கல் தொகை ஏறக்குறைய அதேதான், பலனும் அதேதான். பேராசையில் 1000 மைக்ரோஃபாரட் போட்டால், கார்டைச் செருகியபின் மைக் நிதானத்துக்கு வரவே சில விநாடி ஆகும்.

கார்டைத் திறக்க மனமில்லாதவர்கள் மைக்குக்கு வெளியே தனியாக பேட்டரி கொடுக்கப் பார்ப்பார்கள். இரண்டு பென்டார்ச் செல், ஒரு 2.2 கிலோ ஓம், கார்டுக்குப் போகும் வழியில் ஒரு கண்டென்சர். அருமையான யோசனைதான், ஆனால் கீச்சு பாதிதான் குறையும். காரணம், கார்டுக்குள் இருக்கும் 2.2 கிலோ ஓம் அதே கம்பியில் இன்னும் கீச்சை ஊற்றிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் 2.2 கிலோ ஓம் அதைப் பாதியாகப் பங்கு போடுமே தவிர, விரட்டாது. பயாஸை நுனியில் அனுப்பாமல் நடு வளையத்தில் தனியாக அனுப்பும் கார்டுகளில் மட்டும் இந்த வைத்தியம் முழுசாகப் பலிக்கும். வளையத்தை இணைக்காமல் விட்டால் போதும், கார்டைத் தொடவே வேண்டியதில்லை.

சாஃப்ட்வேரில் தேய்ப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. டெலிபோன் மனிதக் குரலை 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸுக்குள் அடக்கிவிடுகிறது. கீச்சின் 1000, 2000, 3000 மூன்றும் அந்த வேலிக்கு உள்ளேயேதான் நிற்கின்றன. அவற்றை வெட்டும்போது குரலின் சதையும் சேர்ந்து போகும். ழகரமும் ளகரமும் ஒன்றுபோல ஆகி, பேசுகிறவர் குழாய்க்குள்ளிருந்து பேசுகிறாரோ என்று தோன்றிவிடும். ஒருமுறை பதிவாகிப்போன கோப்பைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றால் செய்யலாம்.

ஹெட்ஃபோன் பக்கம் கேட்கும் கீச்சுக்கு இந்த உபாயம் உதவாது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்குப் பல மில்லியாம்பியர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதன் சப்ளையில் 1 கிலோ ஓமை வைத்தால் கீச்சோடு பாட்டும் போய்விடும். அந்தப் பக்கத்துக்குத் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப், குட்டையான கேபிள் என்று வேறு வகையில்தான் முயல வேண்டும்.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இந்த மாதிரிக் கார்டுகளை இதைவிட அதிகமாக அறுத்துத் தைப்பவர்கள். ஐசியின் மயிரிழைக் கால்களில் நேரடியாக வயர் பற்றவைத்து டிரான்ஸ்மிட்டரையே இயக்கவைக்கிறார்கள். அவர்கள் பெட்டியையே மாற்றிவிடுவதால் நமக்கு வரும் கடைசித் தொல்லை அவர்களுக்கு வராது: 16 வோல்ட், 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 5 மில்லிமீட்டர் தடிமனும் 11 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. நிற்கவைத்தால் மூடி மூடவே மூடாது. படுக்கவைத்து, கால்களில் ஸ்லீவ் மாட்டி, ஒரு சொட்டு க்ளூ கன் பசையில் ஒட்டினாலும் சில கார்டுகளில் மூடி அரைகுறையாகத்தான் உட்காரும். மூடியில் அந்த இடத்தை அயர்ன் முனையால் உருக்கி ஜன்னல் வெட்டிவிட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடலாம். பிளாஸ்டிக்கை உருக்கிய முனையை உடனே ஈரப் பஞ்சில் துடைத்து, புது ஈயம் பூசி வைத்தால் அயர்ன் அடுத்த வேலைக்கு ஆகும்.